மேசை விளிம்பில் ஒரு குண்டு

மேசை மேல் உருண்டு வரும் குண்டு விளிம்பைத் தாண்டித் தரையில் விழுகிறது. மேசையின் உயரம் இவ்வளவு, விளிம்பைத் தாண்டும்போது வேகம் இவ்வளவு. மேசைக்காலிலிருந்து எவ்வளவு தள்ளி விழும்? எறிபொருள் இயக்கம் என்ற பாடத்தில் வரும் கணக்குகளில் மிக எளியது இதுதான். பிளஸ் ஒன் பிள்ளைகள் நாலு வரியில் இதைப் போட்டு முடித்துவிட்டு, கோபுர உச்சியிலிருந்து எறிந்த கல்லுக்கும் மரத்துக் குரங்கைக் குறிபார்க்கும் வேடனுக்கும் போய்விடுவார்கள். எனக்கு இந்த மேசையை விட்டு நகர மனம் வருவதில்லை.

அந்தக் கணக்குக்குள் பெரிய துணிச்சல் ஒன்று இருக்கிறது. குண்டு முன்னே போவது ஒரு சங்கதி, கீழே விழுவது வேறொரு சங்கதி. ஒன்று மற்றதில் தலையிடாது என்கிறது அது. மெல்ல உருண்டு வந்து விழும் குண்டும், சுண்டிவிட்ட வேகத்தில் சீறிப் பாயும் குண்டும் ஒரே கணத்தில் விளிம்பைத் தாண்டினால் ஒரே கணத்தில்தான் தரையைத் தொடும். சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள்கூட இதைக் கேட்டதும் தலையை ஆட்டி மறுப்பார்கள். அப்படி மறுக்கிற பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. 1537இல் வெனிஸில் புத்தகம் போட்ட டார்ட்டாக்லியா பெரிய கணிதக்காரர்; 45 டிகிரி சாய்வில் சுட்டால் பீரங்கிக் குண்டு அதிகத் தொலைவு போகும் என்று சொன்னவர். அவரே குண்டின் பாதையை வரையும்போது, முதலில் நேர்கோடு, நடுவில் ஒரு வட்டவில், கடைசியில் மறுபடி நேர்கோடு என்றுதான் வரைந்தார். கண்ணெதிரே நடப்பதைக் கண் பார்த்துவிடும் என்று சொல்ல முடியாது.

மேசை போட்டு அளந்து பார்த்தவர் கலிலியோ. ஃபுளோரன்ஸின் தேசிய மைய நூலகத்தில் அவருடைய கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன. அவற்றில் 72 என்று எண்ணிட்ட தொகுதியில், 116ஆம் தாளின் பின்பக்கம் ஏறக்குறைய 1608இல் எழுதப்பட்டது என்கிறார்கள். கலிலியோவின் எழுத்துகளையெல்லாம் திரட்டிப் பதிப்பித்த அந்தோனியோ ஃபவாரோ இந்தப் பக்கத்தைச் சேர்க்கவில்லை. எண்களும் கிறுக்கல்களுமாக இருந்ததில் பதிப்பிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். 1970களில் ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் அதை எடுத்துப் படித்தார்.

பக்கத்தில் ஒரு கிடைக்கோடு. மேலே ஒரு புள்ளியிலிருந்து வளைகோடுகள் விசிறி விரித்தாற்போல் இறங்கி அந்தக் கோட்டைத் தொடுகின்றன. மேசையின் உயரம் 828 என்று குறிப்பு. அலகு புந்தோ, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் மேசை 78 சென்டிமீட்டர், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் உயரம். டிரேக் படித்த விதத்தில், குண்டு ஒரு சாய்தளத்தில் உருண்டு, விளிம்பில் கிடைத்தளமாகத் திரும்பி, பாய்ந்து விழுகிறது. சாய்தளத்தில் 300 புந்தோ உயரத்திலிருந்து விட்டபோது 800 தள்ளி விழுந்தது. 600 உயரத்துக்கு 1172. 800க்கு 1328. 828க்கு 1340. ஆயிரத்துக்கு 1500.

இவற்றின் அருகிலேயே வேறு எண்கள் இருக்கின்றன. முதல் அளவான 800ஐ வைத்துக்கொண்டு, விதிப்படி மற்றவை எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று கலிலியோ கணக்கிட்டிருக்கிறார்: 1131, 1306, 1330, 1460. அதற்கும் பக்கத்தில் வித்தியாசங்கள்: 41, 22, 10, 40. அவற்றைத் திருத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அந்த நான்கு எண்களையும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் விடை சரியாக வரும்படி அளவை மாற்றி எழுதும் பழக்கம் நம் பள்ளிகளில் வேரோடிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும், வேறு அறிவுரையே தேவையில்லை.

இதையே நம் பாடப்புத்தக முறையில் போட்டுப் பாருங்கள். 300 புந்தோ இறங்கிய வேகத்தோடு, 828 புந்தோ உயர மேசையிலிருந்து கிளம்பும் பொருள் 997 புந்தோ தள்ளி விழ வேண்டும். கலிலியோவுக்குக் கிடைத்தது 800. ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது! காற்றின் மேல் பழி போட முடியாது; 78 சென்டிமீட்டர் விழ அரை நொடிகூட ஆகாது, அதற்குள் காற்றால் இவ்வளவு பிடுங்க முடியாது. புத்தகத்துப் பொருள் வழுக்கி இறங்குகிறது, கலிலியோவின் குண்டு உருண்டு இறங்குகிறது. அதுதான் விஷயம். திண்மக் குண்டு உருளும்போது ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே போய்விடும். அதைக் கழித்தால் 842 வருகிறது. பள்ளமான தடத்தில் உருண்டிருந்தால் சுழற்சி இன்னும் கூடும், தொலைவு இன்னும் குறையும். 800 நெருங்கிவிட்டது.

சுழற்சிக்குப் போகும் இந்தப் பங்கைக் கணக்கிடக் கலிலியோவிடம் வழி இல்லை. ஆனாலும் அவர் தப்பித்தார். தன் முதல் அளவோடு மற்ற அளவுகளை ஒப்பிட்டாரே ஒழிய, வேகத்தை நேராகக் கணக்கிடவில்லை. எல்லா உயரத்திலும் ஒரே பங்குதான் போகிறது என்பதால், விகிதம் பார்க்கும்போது அது அடிபட்டுப் போகிறது. தெரியாத ஒன்றைச் சுற்றிக்கொண்டு போகும் இந்த வழியை விடைத்தாளில் எந்த மாணவராவது எழுதினால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அவர் புத்தகம் முப்பது ஆண்டு கழித்து, 1638இல் லைடன் நகரில் அச்சாயிற்று. அதற்குள் அவருக்குப் பார்வை போயிருந்தது. ஆர்செத்ரியில் வீட்டுக்காவலில் இருந்தார். நூலின் நான்காம் நாள் உரையாடலில் பாதை பரவளையம் என்று நிறுவுகிறார். காற்று தடுக்குமே, எடைகள் பூமியின் மையத்தை நோக்கி விழுவதால் செங்குத்துக் கோடுகள் இணையாக இருக்க முடியாதே என்று பாத்திரங்கள் மறுத்துக் கேட்கின்றன. இரண்டும் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறார். நம் வினாத்தாளில் காற்றுத்தடையை விட்டுவிடச் சொல்லும் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது.

சாய்வு 30 டிகிரி ஆனாலும் 60 டிகிரி ஆனாலும் குண்டு ஒரே இடத்தில் விழும் என்பதும் அந்த நூலில் உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாயைப் படுக்கவைத்தாற்போல் பிடித்தால் தண்ணீர் ஒரு செம்பருத்தியின் தூரில் விழுகிறது. மெல்ல நிமிர்த்தினால் அந்தச் செடியைத் தாண்டி ஓடுகிறது. இன்னும் நிமிர்த்தினால் திரும்பி வந்து அதே தூரில் கொட்டுகிறது. நிமிர்த்திப் பிடித்த தாரை மட்டும் உச்சியில் துளிகளாகச் சிதறிக் கொஞ்சம் முன்னாலேயே விழும்.

அந்த 41, 22, 10, 40ஐ நான் இன்னும் விடவில்லை. நான்கு தடவையும் குண்டு கணக்கை மிஞ்சியே விழுந்திருக்கிறது. ஒரு தடவைகூடக் குறையவில்லை. கை நடுக்கமோ தரையின் மேடுபள்ளமோ இப்படி ஒரே பக்கமாகச் சாயாது. எனவே அடிப்படையாக வைத்த 800 மேலேயே எனக்குச் சந்தேகம். அதை 815 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்து அளவுகளிலும் வித்தியாசம் 20 புந்தோவுக்குள், அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குள், அடங்கிவிடுகிறது. சில கூட, சில குறைய. ஒரு மரப்பலகையும் வெண்கலக் குண்டும் கிடைத்தால், தாழ்ந்த உயரத்தில் விட்ட குண்டு ஏன் கொஞ்சம் சுணங்கியது என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அளந்து பார்த்துவிடலாம்.