தலை தட்டிய மரக்கால்

நான் சிறுவனாக இருந்தபோது, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்கிற காலத்தில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் பொழுது சாயும் நேரம்தான் முக்கியமான நேரம். பகலெல்லாம் செடியிலிருந்து காயைக் கிள்ளிக் குவித்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மரக்காலால் அளப்பார்கள். ஆய்ந்த காயில் ஒரு பங்கு கூலி. கொல்லைக்காரர் பங்கு குவிந்து நிற்கும். கூலிப் பங்கை மட்டும் உள்ளங்கையால் தலை தட்டி அளப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் அளந்தோம்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒருநாள் மரக்காலை என் கையில் கொடுத்தார்கள். பார்த்துப் பழகியதுபோல நானும் தட்டினேன். கடைசியில் உட்கார்ந்திருந்த ஆயா முந்தானையை விரித்தார். விழுந்த காயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, நீ கோயிலுக்குப் போற புள்ளதானே?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முந்தானையை முடிந்துகொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் லுத்தரன் சபைப் போதகரான ஐயரிடம் போய், பாவத்தில் பெரிசு சின்னது உண்டா என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. "ஆண்டவர் முன்னால எல்லாப் பாவமும் பாவம்தான் தம்பி" என்றார் அவர். ஒரு கட்டளையில் தவறினவன் எல்லாக் கட்டளையிலும் தவறினவன் என்று யாக்கோபு நிருபத்தைக் காட்டினார். எனக்குப் பெரிய நிம்மதி. ஜெபத்தில் தூங்கியதும் ஆயாவின் கூலியைத் தட்டியதும் ஒரே கணக்கில் போய்விட்டன. வளர்ந்த பிறகுதான் அந்த நிம்மதி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஐயர் சொன்னதில் பிழையில்லை. என் பாவம் சின்னது, அடுத்தவன் பாவம் பெரியது என்று நெஞ்சை நிமிர்த்துகிறவனை மண்டியிட வைக்கச் சொல்லப்பட்ட போதனை அது. கிருபை இல்லாமல் தேறுகிறவர் ஒருவரும் இல்லை என்பது லுத்தரன் விசுவாசத்தின் உயிர்நாடி. ஆனால் இயேசுவே பாவங்களை எடைபோட்டிருக்கிறார். தம்மைப் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிகப் பாவம் உண்டு என்றார். எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரனுக்கு அடி அதிகம், அறியாதவனுக்குக் குறைவு என்றார். புதினாவிலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை அவர் கடிந்துகொண்டது நமக்குத் தெரியும்.

கத்தோலிக்கர்கள் பெரிய பாவத்தையும் சின்னப் பாவத்தையும் வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போகும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. சாவான பாவம், அற்பப் பாவம் என்ற சொற்களை அவன் வீட்டில்தான் முதலில் கேட்டேன். காரியம் கனமானதாக இருக்க வேண்டும், தெரிந்தே செய்ய வேண்டும், மனம் முழுதும் சம்மதிக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் சாவான பாவம். இதைவிட என்னை உலுக்கியது இன்னொரு பட்டியல். வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று சிலவற்றை அந்தத் திருச்சபை தனியே எண்ணுகிறது. ஆபேலின் இரத்தம் அதில் இருக்கிறது. எகிப்தில் ஒடுக்கப்பட்டவர்களின் ஓலமும், அந்நியர், விதவை, அநாதை இவர்களின் அழுகையும் இருக்கின்றன. கூலிக்காரருக்குச் செய்யும் அநியாயமும் இருக்கிறது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலிலும் அது அப்படியே நிற்கிறது. கொலையும் கூலியும் ஒரே வரிசையில்! இதைப் படித்த அன்று என் உள்ளங்கையைத்தான் பார்த்தேன். எங்கள் ஐயர் காட்டிய அதே யாக்கோபு நிருபத்தில், மூன்று அதிகாரம் தள்ளி, வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. அவர் அதுவரை புரட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபை பிறந்த கதையிலும், எது பெரிய பாவம், எது சின்னது என்ற இதே கேள்விதான். ஜெர்மானிய லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்டது. அது சமூக வழக்கம், மெல்லக் கரையும் என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரௌலின் நிலை. திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த பேரறிஞர் அவர். கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி இதை ஏற்கவில்லை. விலகிப் போய் 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார், டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். அந்த மிஷன்தான் பிறகு திருவண்ணாமலைக்கும் வந்தது; எங்கள் திருச்சபை அதிலிருந்து பிறந்தது. கிரௌலின் தமிழ்ப் பற்றில் எனக்கு மரியாதை உண்டு. இந்த வழக்கில் நான் ஓக்ஸ் பக்கம். அற்பம் என்று ஒதுக்கியதை எத்தனை தலைமுறை சுமந்தது!

பாவத்தின் கனத்தைச் செய்தவனிடம் கேட்டால் சரியான எடை வராது. சுமந்தவரிடம் கேட்க வேண்டும். அன்று என் கை தட்டிக் கீழே தள்ளியது இரண்டு பிடி காய். அந்த ஆயா வீட்டில் அது ராத்திரிச் சாப்பாட்டில் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடவுளிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆயாவிடம் கேட்கவில்லை. அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. உங்கள் கொல்லையிலோ வீட்டிலோ இன்று யாராவது கூலிக்கு வேலை செய்திருந்தால், மோசேயின் சட்டம் சொல்கிறபடி, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுங்கள். தலை தட்டாமல் கொடுங்கள்.