முட்டை 400 ரூபாய்... எங்க ஊர் சர்ச் கணக்கு!

“உங்க பாஸ்டருக்கு யாரு சம்பளம் கொடுக்கிறா? ஃபாரின்ல இருந்து பணம் வருமா?” ஆபீஸ் தோழிகள் இப்படிக் கேட்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். அந்தச் சம்பளத்தில் எங்க ஆச்சியின் அரிசியும் இருக்கிறது!

திருநெல்வேலிப் பக்கம் சின்ன கிராமம் எங்களுடையது. சி.எஸ்.ஐ சபை. உலை வைக்கும்போதெல்லாம் ஆச்சி ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். அது சர்ச்சுக்கு. முருங்கையின் முதல் காய், கோழியின் முதல் முட்டை எல்லாமே காணிக்கைதான். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் நடக்கும். வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை முட்டையை 400 ரூபாய்க்கு எடுத்த மாமா, “இதை நான் தின்னா செரிக்காது” என்று திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிட்டார்!

சம்பாதிக்கிறவர்களுக்கு மாதாமாதம் சங்கக் காணிக்கையும் உண்டு. இந்தப் பணம் நேராக பாஸ்டர் கைக்குப் போகாது. பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம். ஒவ்வொரு சபையும் தன் பங்கை மேலே கட்டும். சம்பளம், டிரான்ஸ்ஃபர் எல்லாம் திருமண்டலம் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் எங்களை மாதிரி சின்ன ஊருக்கு யார் வருவார்கள்?

வெள்ளைக்காரர் காலத்தில் லண்டன் காசும் வந்தது உண்மைதான். ஆனால், சபைகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று 19-ம் நூற்றாண்டிலேயே சொன்னவர், சர்ச் மிஷனரி சொசைட்டியின் செயலாளராக இருந்த ஹென்றி வென். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, நம்ம ஆட்கள், நம்ம காசு என்பதுதான் கொள்கை. பனையேறிப் பிழைத்த ஊர்களின் காசில் தெலுங்கு தேசத்து தோர்ணக்கல் வரை ஊழியர்கள் போனார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி.எஸ்.அசரியா, 1912-ல் அங்கேயே பிஷப் ஆனார்.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் இதில் இருக்கிறது. வேலை போய் வீட்டில் இருந்த என் அத்தை மகன், கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி சர்ச்சுக்குப் போனான். முதலில் பாக்கி நோட்டைத்தான் திறந்தார்கள். 8 மாத பாக்கியை நாலு பேர் முன்னால் வாசித்தார்கள். காணிக்கை என்று பெயர் வைத்துவிட்டு வட்டிக்கடை மாதிரி வசூலிக்கலாமா?

அம்மாவிடம் சண்டை போட்டேன். “அப்போ ஐயருக்கு யாருட்டி குடுப்பா?” என்றார். பாஸ்டரை எங்க பக்கம் ஐயர் என்போம். அம்மா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறோம். பல சபைகளுக்கு ஒரே ஐயர் என்பதால், எங்களுக்கு மாதம் ஒருமுறைதான் திருவிருந்து.

நான் இப்போது ஊருக்கே ஜிபேயில் அனுப்புகிறேன். போன வாரம் கணக்கர் மாமாவுக்கு போன் போட்டேன். “இனிமே பாக்கியை சத்தமா வாசிக்காதீங்க மாமா. முடியாதவங்களுக்குத் தள்ளுபடி பண்ணுங்க. அந்தத் தொகையை வெளியூர்ல இருக்கிற நாங்க பிரிச்சுக் கட்டுறோம்” என்றேன். கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். துபாய்க்காரர்களில் இதுவரை மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள்.