கறுப்புக் கூரை

என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். வீட்டுக் கூரைக்கு என்ன நிறம் போடுவது என்பதில் சொன்ன பொய். இதையெல்லாமா எழுதி ஒப்புக்கொள்வார்கள் என்று தோன்றலாம். அந்தக் கூரைக்குக் கீழே ஆறு மாதம் படுத்திருந்தது என் அம்மா.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில். இந்தப் பக்கம் கூரை மாற்றுவது அபூர்வமான காரியம் இல்லை. வசந்த காலம் வந்தால் ஆலங்கட்டி மழை வரும். 2022-இல் ஒரு மாலை எலுமிச்சம்பழ அளவில் கால் மணி நேரம் கொட்டியது. மறுநாள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏணி சாத்தியிருந்தார்கள். இன்ஷூரன்ஸிலிருந்து வந்தவர் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, முழுவதையும் மாற்ற வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு ஓடு கிடையாது, ஷிங்கிள்தான். கண்ணாடி இழை விரிப்பில் தார் ஏற்றி, மேலே கல்துகள் தூவிய பட்டைகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி ஆணி அடித்துக்கொண்டே போவார்கள். நிறம் என்பது அந்தக் கல்துகளில்தான் இருக்கிறது. வெயில் தாரைத் தின்றுவிடாமல் காப்பதும் அதுதான், ஆலங்கட்டி விழுந்தால் முதலில் உதிர்வதும் அதுதான். அன்று மழை விட்டதும் மழைநீர்க் குழாயின் வாயில் காப்பிப்பொடி மாதிரி குவிந்து கிடந்ததை என் மகள் கரண்டியால் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

கான்ட்ராக்டர் நல்ல மனிதர். உள்ளங்கை அகல சாம்பிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சின்னத் துண்டில் தெரிகிற நிறம் முழுக் கூரையில் வேறு மாதிரி தெரியும் என்று சொல்லி, இரண்டு முழுப் பட்டைகளைக் கொண்டுவந்து கார் நிறுத்தும் சிமென்ட் தரையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று வெளிர் சாம்பல். இன்னொன்று சார்க்கோல் என்கிற கரிக்கறுப்பு. காலை வெயிலில் பாருங்கள், சாயங்காலமும் பாருங்கள், செங்கல் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் மனைவி வெறுங்காலோடு வாசலுக்குப் போனாள். குனிந்து வெளிர் பட்டையில் கை வைத்தாள், கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தாள். அடுத்து கறுப்பில் வைத்தாள். வைத்த வேகத்தில் கையை எடுத்து உதறினாள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, "வெளிர் சாம்பலே போடலாங்க, அடுத்த வருசம் அத்தை வேற வராங்க, மாடி ரூம்தானே குடுக்கப் போறோம்" என்றாள். கீழே இன்சுலேஷன் இருக்கிறது, நிறத்தால் பெரிய வித்தியாசம் வராது என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

எனக்குக் கறுப்புதான் வேண்டும் என்று அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அந்த வருடம் ஒரு நண்பரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல் சட்டம், கறுப்புக் கூரை. தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு அந்த வீட்டைப் பார்த்தபடி நின்ற அந்த ஒரு நிமிடம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. எங்கள் வீடு பதினைந்து வருடப் பழசு. கூரையாவது அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இதைப் பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன்.

கூரை போடுவதற்கு முன் எச்.ஓ.ஏ.விடம் அனுமதி வாங்க வேண்டும். குடியிருப்புச் சங்கம் மாதிரிதான், ஆனால் வீட்டின் வெளித்தோற்றத்தில் எதை மாற்றினாலும் அவர்கள் சம்மதம் வேண்டும். படிவத்தை என் மனைவிதான் நிரப்பினாள். முதல் விருப்பம் வெளிர் சாம்பல், இரண்டாவது சார்க்கோல். ஆறாம் நாள் என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: இரண்டில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அன்று இரவு சாப்பிடும்போது, "வெளிர் கலரை எச்.ஓ.ஏ. ஒத்துக்கல" என்றேன். அவள் தட்டைப் பார்த்தபடி "சரி" என்றாள். ரசத்தைக் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.

இதில் இன்னொன்று பிறகுதான் தெரிந்தது. 2011-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. வழக்கமானதைவிட வெப்பத்தை நன்றாகத் தடுக்கிற ஷிங்கிளை, தோற்றம் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும் பட்சத்தில், எச்.ஓ.ஏ. தடுக்க முடியாது. அப்படி ஒரு ஷிங்கிளை நான் கேட்டிருந்தால், எந்தச் சங்கத்தின் பேரைச் சொல்லித் தப்பித்தேனோ, அந்தச் சங்கமே நினைத்தாலும் மறுத்திருக்க முடியாது.

வெளிர் சாம்பல் போட்டிருந்தால் அந்த அறை ஜில்லென்று ஆகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். சாதாரண ஷிங்கிளில் வெள்ளையே கூட வெயிலில் கால்வாசியைத்தான் திருப்பி அனுப்பும். கறுப்பு அனுப்புவது நூற்றுக்கு ஐந்து. ஆனால் கறுப்பின் மேல் அவ்வளவு பிடிவாதம் என்றால் அதற்கும் வழி இருந்தது. வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் வருகிறது. அதை மட்டும் திருப்பிவிடுகிற கல்துகள் பதித்த ஷிங்கிள்கள் உண்டு. அடர்ந்த நிறமாகவே தெரியும், சூடு குறைவாக ஏறும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2014-இலேயே புது வீடுகளுக்கு இப்படி வெயிலைத் திருப்பும் கூரைதான் போட வேண்டும் என்று விதி செய்துவிட்டது. நான் கான்ட்ராக்டரிடம் கேட்கவே இல்லை. இருபது அடி உயரத்திலிருந்து இரண்டு அங்குல இரும்புக் குண்டைப் போட்டுப் பார்க்கிற ஆலங்கட்டிப் பரிசோதனையைப் பற்றி அரை மணி நேரம் கேட்டேன், பிரீமியம் குறையும் என்பதற்காக. வெக்கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. தேவகோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி தட்டோடு பதித்தது. பங்குனி பிறந்ததும் அப்பா சுண்ணாம்பு வாங்கி வந்து தொட்டியில் ஊறப்போடுவார். மூன்றாம் நாள் கஞ்சித் தண்ணீர் விட்டுக் கலக்கி, தென்னை மட்டையால் தரை முழுக்க அடிப்பார். வாளி தூக்கிக்கொண்டு படியேறியவன் நான்தான். விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். அன்றைக்கு ராத்திரி கீழே படுத்தால் வித்தியாசம் முதுகில் தெரியும். வெள்ளைக் கூரை என்ன செய்யும் என்பதை ஒன்பது வயதில் கற்றுக்கொண்டவன் நான்.

2023 மே மாதம் அம்மா வந்தார். அந்தக் கோடையில் ஐம்பது நாட்களுக்கு மேல் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. மாடி அறைக்கு மேலே நேராக அட்டிக், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம். கூரையின் சூடு முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. இந்த ஊர் வீடுகளில் ஏ.சி. காற்று போகும் குழாய்களும் அந்தச் சூட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. குளிர்ந்து கிளம்புகிற காற்று அம்மாவின் அறைக்கு வந்து சேர்வதற்குள் நிறையக் குளிர்ச்சியை இழந்துவிடும். மாடிக்குத் தனி ஏ.சி. இருந்தும், மத்தியானத்துக்கு மேல் அந்த அறையின் சூடு 83 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது வாரம் தலையணையோடு கீழே வந்து, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துக்கொண்டார். "முட்டி வலிக்கி தம்பி, படி ஏற முடியல" என்றார். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. முட்டிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலையில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை. ஏதோ ஒயர் தேடி மாடிக்குப் போனேன். அம்மாவின் பழைய நூல் சேலை, நனைத்துப் பிழிந்து, ஏ.சி. காற்று வருகிற வாய்க்கு நேரே கதவின் மேல் விரித்துக் கிடந்தது. பக்கத்திலேயே ஒரு நாற்காலி. முட்டி வலிக்கிறது என்றவர் அதன் மேல் ஏறித்தான் அதைப் போட்டிருக்க வேண்டும். பகலில் சாமி கும்பிடவும் துணி மாற்றவும் அந்த அறைக்குத்தான் அவர் போவார். சேலையைத் தொட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும் ஈரம் இருந்தது. அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தேன். அதற்கு மேலே என் கறுப்புக் கூரை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மா நவம்பரில் ஊருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நடுவில் அந்த நண்பர் ஒரு தடவை வந்து, வாசலில் நின்று கூரையைப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு" என்றார். இதற்காகத்தானே எல்லாம் செய்தேன். நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் என் மனைவியிடம் அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு அவள் மகள் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்தேன். படிவம், மின்னஞ்சல், கறுப்பு, வெளிர் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. நடுவில் எதுவும் கேட்கவில்லை. முடித்த பிறகு, "அப்பா அடிப்பாகள்ல, அது மாதிரி மேல வெள்ளை அடிச்சுவிட முடியாதா தம்பி?" என்றார்.

முடியாது. ஷிங்கிளின் மேல் பூச்சு அடித்தால் அடியில் ஈரம் தங்கிவிடும், கூரையே கெட்டுப்போகும். அதைச் சொன்னேன். இந்தக் கூரை இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்டார். இருபது வருடம் தாங்கும்மா என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தேவகோட்டை வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"சரி விடு. அடுத்த தடவ தீபாவளி முடிஞ்சு வந்து, மாசிக்குள்ள திரும்பிடுறேன்" என்றார்.