மலிவின் விலை

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையை நான்கு மாணவியர் வாடகைக்கு எடுத்திருந்தனர். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதி அது. அறையிலே சமைத்துண்ண வீட்டுக்காரரின் இசைவு இருந்தது. சமைப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அன்றாட வினாவாக இருந்தது. நால்வருள் சுன்னாகத்திலிருந்து வந்தவள் கணக்கின் பொறுப்பை ஏற்றிருந்தாள். ஒற்றை றூள் கொப்பியொன்றிலே நான்கு நிரல்கள் கோடிட்டு, யார் எதனை என்ன விலைக்கு வாங்கினர் என்பதை அன்றன்றே எழுதிவைப்பாள். அவள் பயின்றது புவியியல். ஆயினும் அவ்வாண்டிலே கொழும்பிற் குடியிருந்த எவரும் ஓரளவேனும் பொருளியல் பயிலாதிருக்க முடியவில்லை.

அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. மகாபொல புலமைப்பரிசிலோ மாதம் 5,000 ரூபாவாகவே நின்றது. மார்ச் மாதத்தில் 400 கிராம் பால்மாப் பைக்கற்றின் விலை 790 ரூபாவாக்கப்பட்டபோதே, ஒரு மாதப் புலமைப்பரிசில் முழுவதையும் கொடுத்தால் ஆறு பைக்கற்றுகளே வாங்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. நால்வரும் பால்தேநீரைக் கைவிட்டனர். பின்னர் முட்டையைக் கைவிட்டனர். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள் மதிய உணவையும் கைவிட்டிருந்தாள். நண்பகலிலே நூலகத்தில் வாசிக்க நிறைய இருக்கிறது என்பாள். அதன் பொருளை ஏனைய மூவரும் விளங்கிக்கொள்ளச் சில வாரங்கள் சென்றன. விளங்கிய அன்றுதான் மலிவான கடை தேடும் முயற்சி மெய்யாகத் தொடங்கியது.

வெள்ளவத்தையிற் கிடையாத தமிழர் உணவு எதுவுமில்லை எனலாம். முருங்கைக்காய், பனங்கிழங்கு, புழுக்கொடியல், பனங்கட்டி, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், வறுத்து இடித்த மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா யாவும் காலி வீதியின் இரு மருங்கிலும் அடுக்கப்பட்டிருக்கும். வடக்கிலிருந்து இரவுப் பேருந்திற் புறப்படும் மரக்கறி விடியற்காலையிலே இங்கு வந்திறங்கிவிடும். ஆனால், அப்பொருள்களின் விலையை நிர்ணயிப்பது சுன்னாகம் சந்தையன்று. சூரிச்சும் ரொறன்ரோவும் இலண்டனுமே அதனை நிர்ணயிக்கின்றன என்றால் மிகையாகாது. வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வரும் வீட்டினர் விலை கேளாது வாங்குவர். பக்கத்தில் நின்று விலை கேட்பவளுக்கும் அதுவே விலை.

இதிலே விந்தை ஒன்றுண்டு. சுன்னாகத்துப் பெண்ணின் சிறிய தந்தையார் சூரிச் நகரிலே நெடுங்காலமாக வாழ்பவர். அங்கு விலைவாசி மிக அதிகம் என்பதால், சனிக்கிழமைகளிலே எல்லை கடந்து ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் நகருக்குச் சென்று இறைச்சியும் எண்ணெயும் வாங்கி வருவதாகத் தொலைபேசியிலே சொல்வார். அந்நகரத்து மக்கள் பலருக்கும் அது வழக்கந்தான். அவ்வாறு சில்லறை சில்லறையாக மிச்சம்பிடித்து அனுப்பப்படும் பணந்தான் வெள்ளவத்தைக் கடைகளிலே விலை கேளாது செலவாகிறது. அவர் அனுப்பியது சுன்னாகத்திலே பாட்டியின் மருந்துக்குச் சரியாயிருந்தது. கொழும்பு அறைவரை அது வரவில்லை.

அப்பெண்ணின் பாட்டனார் வெங்காயம் பயிரிட்டவர். 1970களின் முற்பகுதியிலே அரசாங்கம் வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வலிகாமத்துத் தோட்டக்காரரின் கையிலே முதன்முதலாகப் பணம் புழங்கியது. ஓட்டு வீடுகளும் நீரிறைக்கும் இயந்திரங்களும் வந்தன. கொழும்பு மக்கள் பாணுக்கு வரிசையில் நின்ற அதே ஆண்டுகள் அவை. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, கொழும்பின் வரிசைகள் மறைந்தன. தோட்டக்காரரின் விலையும் சரிந்தது. ஒருவனுடைய மலிவு இன்னொருவனுடைய நட்டமாக இருக்கக்கூடும் என்பதை அக்குடும்பம் ஏட்டிலே படித்து அறியவில்லை. இன்று அவருடைய பேர்த்தி கொழும்பிலே கறிக்கு வாங்குவது இந்தியாவிலிருந்து வரும் பெரிய வெங்காயம். சின்ன வெங்காயம் அவளுக்குக் கட்டுப்படியாகாது.

கொட்டாஞ்சேனையிலே அவளுடைய மாமி ஒருவர் இருந்தார். தகப்பனாரின் ஒன்றுவிட்ட சகோதரி. இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிப்பவர். வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் இணைக்கும் 155ஆம் இலக்கப் பேருந்தேறி, கொட்டாஞ்சேனை மலிவு என்று கேள்விப்பட்டதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாமியிடம் சென்றாள். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும் தொலைவிலே, சிறு ஒழுங்கையொன்றினுள் இருந்தது வீடு. வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. அவள் அங்கிருந்த ஒரு மணிநேரத்துள் அக்கடைக்கு வந்தவர்கள் வாங்கியவற்றைக் கவனித்தாள்: நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் சீனி, பாதித் தேங்காய், ஒரு வேளைக்குரிய எண்ணெய். நூறு கிராமின் விலையைப் பத்தாற் பெருக்கிப் பார்த்தவள் திகைத்துவிட்டாள். ஒரு கிலோவாக வாங்கினால் வெள்ளவத்தையில் அவள் கொடுத்திருக்கக்கூடிய விலையைவிட அது அதிகம். கொட்டாஞ்சேனையின் மலிவு என்று ஊர் சொல்வது, ஒருமுறை கொடுக்கும் காசு சிறிது என்பதை மட்டுமே.

“பிள்ளை, மலிவா வாங்கிறதுக்கும் முதல் வேணும்,” என்றார் மாமி. “நாட்கூலிக்குப் போறவன் கிலோக் கணக்கிலை எப்பிடி வாங்கிறது? அண்டைக்குக் கிடைக்கிறதிலை அண்டைக்கு வாங்கிறான். இந்தக் கடைக்காரர் கொப்பியிலை எழுதிக்கொண்டு தருவார். வேற ஆர் தருவினம்?”

கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்று எழுதிவிடுதல் எளிது. அவரும் புறக்கோட்டையிலே கடனுக்கு எடுத்து, வராத கடன்களையும் சேர்த்தே விலை வைக்கிறார். அந்த ஒழுங்கையிலே மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளுக்கு அவருடைய கொப்பியே காப்புறுதி. டேவிட் கப்ளோவிட்ஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர், நியூயோர்க் நகரின் வருமானங் குறைந்த குடியிருப்புகளிலே தளபாடங்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் கடனுக்கு விற்கப்படும் முறையை ஆராய்ந்து 1963இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏழைகளே கூடுதலாகக் கொடுக்கின்றனர் என்பது அந்நூற் பெயரின் பொருள். கொட்டாஞ்சேனை மாமி அந்நூலைக் கண்டதில்லை. கண்டிருப்பின், இதற்கு ஒரு நூல் வேண்டுமா என்று கேட்டிருப்பார்.

மாமி சிறுமியாக இருந்தபோது நிலைமை வேறு. 1942இலே போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு அப்போதும் நீடித்திருந்தது. கூப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போவது அவருடைய வேலை. பங்கீட்டு அரிசி வண்டும் கல்லுமாக இருந்தது என்றும், வரிசையிலே நின்று கால் கடுத்தது என்றும் குறை சொல்வார். ஆனால், கூப்பனிலே எல்லோருக்கும் ஒரே கொத்து, ஒரே விலை. அந்த விலையைத் தொட்ட அரசாங்கங்கள் பட்ட பாட்டை வரலாறு சொல்லும்: 1953இலே கொத்தொன்றின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதன் விளைவு ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால்; அவ்வாண்டு ஒக்டோபரிலே டட்லி சேனநாயக்கா பிரதமர் பதவியைத் துறந்தார். 1979இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை எடுத்துக்கொண்டது. பங்கீட்டு முறையிலே ஊழலும் பற்றாக்குறையும் மலிந்திருந்தமை மெய்யே. எனினும், நூறு கிராம் வாங்குபவனுக்கு ஒரு விலை, மூட்டையாக வாங்குபவனுக்கு ஒரு விலை என்பது பங்கீட்டு அரிசியில் இருக்கவில்லை.

மாமியே வழி காட்டினார். இடியப்பத்துக்கு மா வாங்க அவர் புறக்கோட்டைக்குப் போகும் நாளிலே இவர்களும் கூடச் சென்றனர். நாலாம் குறுக்குத் தெருவிலே பகலிற் கால் வைக்க இடமிராது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய் என மூட்டைகள் கடைவாசலிலிருந்து தெருவரை வழிந்து கிடக்கும். லொறிகளுக்கிடையே, முதுகிலே இரு மூட்டைகளைச் சுமந்த நாட்டாமைமார் குரல் கொடுத்தபடி ஓடுவர். வழிவிடாதவர் தாமே பொறுப்பு. தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்திற் கலந்து வரும் பேரம். மாமி விலை கேட்கும் முறை தனியானது. முதற்கடையில் எதையும் வாங்கமாட்டார். பருப்பை உள்ளங்கையிலிட்டு ஊதிப் பார்ப்பார். மிளகாயை முறித்துச் சத்தம் கேட்பார். பின்னர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஒரு விலை சொல்வார். சில கடைகள் ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் நிறுக்கவே மறுத்தன.

மரக்கறி மட்டும் முன்போல வாய்க்கவில்லை. புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தை 2020 நவம்பரிலே களனி ஆற்றுக்கு அப்பால் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. மீன் மொத்தச் சந்தை 2011இலேயே அங்கு போய்விட்டது. லொறிக்காரருக்கும் நெரிசலில் அகப்பட்ட நகருக்கும் அது நன்மையே. பையோடு நடந்துபோய், மாலையிலே மிஞ்சியதைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்த கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கோ இப்போது பேருந்துக் கட்டணமும் விலையிற் சேர்ந்துவிட்டது.

ஆகவே ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அரிசி, பருப்பு, சீனி, மிளகாய், வெங்காயம், தேங்காயெண்ணெய் ஆகியவற்றைப் புலமைப்பரிசிற் பணம் வந்தவுடன் நால்வருமாகச் சேர்ந்து மாதத்துக்கொருமுறை புறக்கோட்டையிலே மொத்தமாக வாங்குவது. மரக்கறியை மட்டும் வெள்ளவத்தையில் அவ்வப்போது வாங்குவது. மூட்டை இறக்க முச்சக்கரவண்டிக்குக் கொடுக்காமல் பேருந்திலே இரு தடவையாகக் கொண்டுவருவது. கணக்குப் பார்த்தபோது சேமிப்பு கணிசமாக இருந்தது. ஆனால், நால்வரும் முற்பணம் இடவேண்டும்.

அங்கேதான் தடை வந்தது. அட்டன் பெண் தன் புலமைப்பரிசிலிற் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பிவந்தாள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இலே 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதுவும் பெயர் விழுந்த நாளுக்கே. அவளுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். படிக்கும் தம்பியர் இருவர். மாதத் தொடக்கத்திலே ஒரே தொகையாகக் கொடுக்க அவளிடம் எதுவும் இருப்பதில்லை. பெட்டிக்கடைக்கு வந்தவர்களைப்போல அவளும் அன்றன்று கிடைப்பதில் அன்றன்று வாங்கியவள். ஆதலால் நால்வருள் மிகுந்த விலை கொடுத்துத் தின்றவளும் அவளே. மூவரும் அவளுடைய பங்கைத் தாமே இடுவதாகச் சொன்னார்கள்.

“வேணாம் அக்கா. சும்மா சாப்பிட்டா எனக்கு இறங்காது,” என்றாள். புறக்கோட்டைக்கு மட்டும் தவறாது வந்தாள். அரிசிப் பையைத் தோளிலேற்றிப் படியேறுவதில் அவளுக்கு நிகர் மற்றையோரில் எவருமில்லை. ஆனால், சோறு வெந்ததும் ஏதோ ஒரு புத்தகத்தோடு மாடியின் மறுபுறம் போய்விடுவாள்.

விடுமுறைக்குச் சென்று திரும்பியபோது அவள் ஒரு சாக்குப்பை சுமந்து வந்தாள். லயத்தின் பின்னாலுள்ள துண்டுநிலத்திலே தகப்பனார் பயிரிட்ட கரட், லீக்ஸ், ஒரு கோவா. இவற்றோடு வீட்டிலே சேர்த்து வைத்திருந்த தோட்டத்துத் தேயிலைத்தூள் ஒரு பொதி. எல்லோருக்கும் என்று சொல்லி அடுக்களை மூலையிலே வைத்தாள். சுன்னாகத்துப் பெண் கொப்பியை எடுத்தாள். கீழ்வீட்டுத் தராசை இரவல் வாங்கி ஒவ்வொன்றையும் நிறுத்தாள். பிறகு, அன்று காலை காலி வீதிக் கடையிலே கேட்டு வந்த விலைகளை நான்காம் நிரலில் ஒவ்வொன்றாக எழுதினாள்.

கூட்டுத்தொகையைப் பார்த்த அட்டன் பெண் தலையசைத்தாள். “எங்க பக்கம் யாவாரி இதுல கால்வாசிகூடக் குடுக்க மாட்டான், அக்கா.”

“உங்கடை பக்கத்து விலை எனக்கெதுக்கு?” என்றாள் மற்றவள், பேனையை மூடாமலே. “நாங்கள் இஞ்சை கடையிலை வாங்கியிருந்தால் இதைத்தானே குடுத்திருப்பம்.”

அது பொய்யன்று. அம்மாதப் பங்குக்கு இன்னும் 340 ரூபா குறைந்தது. அதனை அடுத்த மாத நிரலுக்குக் கொண்டுசென்று எழுதினாள். அன்று இரவு லீக்ஸ் வறையும் பருப்பும். நான்கு கோப்பைகளிலே சோறு போடப்பட்டது.