படிக்க முடியாத டிராயிங்

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களில் படிக்கத்தக்க சொல் அநேகமாக இராது. ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், எண்கள், மலையாள எழுத்தின் சாயலில் வரிவரியாக ஓடும் கீறல்கள். மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் இதற்குத் தூண்டுதல் என்பார்கள். கிட்டப் போனால் எழுத்து நழுவிவிடும். தள்ளி நின்றால் யாரோ முக்கியமான கணக்கைப் போட்டு வைத்தது போலத் தெரியும்.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கர், மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தார். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் வாங்கிய மணல்வெளி அது. அங்கே அருங்காட்சியகம் உண்டு. சிறு கூடங்களில் தனிக் கண்காட்சிகளும் நடக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வருகிறவர் புறநகர் ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, பிறகு பேருந்து பிடிக்க வேண்டும். போகவர ஒரு நாள் ஓடிவிடும்.

ஆனால் அந்தத் தொழிற்பேட்டையில் ஃபிட்டராகவோ டர்னராகவோ இருப்பவருக்குப் பணிக்கரின் படங்களைப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. பட்டறையில் ‘டிராயிங்’ என்றால் உத்தரவு. முழுக்கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பு, விட்டுவிட்டுப் போகும் கோடு மறைந்த விளிம்பு; அளவும் டாலரன்ஸும் பக்கத்திலேயே. வரைபவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். அமெரிக்க ஓவியர் சால் லெவிட் 1968 முதல் சுவரில் செய்ததும் ஏறத்தாழ இதுவே: குறிப்பை அவர் எழுதுவார், கோட்டைப் பெரும்பாலும் உதவியாளர்கள் போடுவார்கள். கருத்துருக் கலை எனப்படும் இந்த வகையில் எண்ணமே படைப்பு. குறிப்பு ஒருவருடையது, கை வேறொருவருடையது என்பது கலைக்கூடத்துக்குத்தான் புதுமை. பதினைந்து புள்ளி, எட்டு வரை, இடைப்புள்ளி என்று வாய்வார்த்தையாகவே கோலம் கைமாறும் ஊரில் அதில் வியக்க என்ன இருக்கிறது? அந்த விதிகளைக் கணிதமாக எழுதிய கிஃப்ட் சிரோமணி குழுவினரின் ஆய்வு 1974-இல் வந்தது.

பணிக்கர் இந்த உத்தரவு முறையைத் தலைகீழாக்குகிறார். கட்டம், எண், அடையாளம் என உத்தரவின் உடுப்பு முழுவதும் இருக்கிறது. செய்யச் சொல்வது மட்டும் ஒன்றுமில்லை. ஃபிட்டரின் கண் பழக்கதோஷத்தில் அளவைத் தேடும், கிடைக்காது. தேடி ஏமாறும் அந்த நேரத்தில்தான் கோடு வெறும் கோடாகக் கண்ணில் படுகிறது. ஆயினும் பணிக்கரைக் கருத்துருக் கலைஞர் என்பது மிகை. அந்தக் கீறல்களை உதவியாளரிடம் ஒப்படைக்க முடியாது. அவை அவர் கையோடு போனவை. 1977-இல் அவர் காலமானார்.

ஈஞ்சம்பாக்கம் போகிறவர்கள் கிட்ட நின்று ஒருமுறை, பத்தடி தள்ளி நின்று ஒருமுறை பார்ப்பது நல்லது.