கண்ணாடிப் பேழையும் கல் வாசலும்



பள்ளி விடுமுறை என்றால் பினாங்கு, கேமரன் மலை என்று போய் வந்த நம் குடும்பங்கள் இப்போது வியட்நாம் வரை போய் வருகின்றன. நல்லது, போய் வாருங்கள். ஹனோய் நகரில் இறங்கினால், பா டின் சதுக்கத்திலுள்ள ஹோ சி மின் சமாதியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். அரைக்கால் சட்டை ஆகாது. உள்ளே பேசக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. நடந்துகொண்டே பார்க்க வேண்டும். திங்களும் வெள்ளியும் அடைப்பு. ஆண்டுதோறும் சில வாரங்கள் பராமரிப்புக்காகவும் மூடிவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு போங்கள்.

மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடிப் பேழைக்குள், தாடிக்காரப் பெரியவர் உறங்குவதுபோல் கிடக்கிறார். 1945 செப்டம்பர் 2-இல் இதே சதுக்கத்தில்தான் அவர் நாட்டின் விடுதலையை அறிவித்தார். 1969-இல் அதே செப்டம்பர் 2-இல் கண் மூடினார். சமாதி 1975-இல் திறக்கப்பட்டது.

ஆனால் இந்த மாளிகையை அவர் கேட்கவில்லை, தெரியுமா? தம் உடலை எரித்து, சாம்பலை மூன்று பங்காக்கி, நாட்டின் வடக்கிலும் நடுவிலும் தெற்கிலும் வைக்கும்படி எழுதி வைத்தவர் அவர். மாஸ்கோவிலும் இதே கதைதான். 1924-இல் லெனின் மறைந்தபோது, அவருக்கு நினைவுச் சின்னங்கள் எழுப்ப வேண்டாமென்று மனைவி குருப்ஸ்காயா கேட்டுக்கொண்டார். யார் கேட்டது? சீனத்தின் மாவோவும் 1956-இல் தம்மைத் தகனம் செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்தான். இன்று மூவருமே கண்ணாடிப் பேழையில்!

அவ்வளவு தூரம் போகக் கையில் காசில்லையா? ஜொகூர்க்காரர்களுக்குக் கவலையே வேண்டாம். கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் போங்கள். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் அருகே ஹோ சி மின்னுக்கும், சீனத் தலைவர் தெங் சியாவ்பிங்குக்கும் சின்னங்கள் நிற்கின்றன. தெங்கின் சின்னத்தை 2010-இல் திறந்து வைத்தவர்களில் ஒருவர் லீ குவான் இயூ. தம் மண்ணில் பொதுவுடைமைவாதிகளை ஒடுக்கிய அதே லீ குவான் இயூதான்!

அப்படியே நம் ஜொகூருக்குத் திரும்புவோம். மூவார் ஆற்றோரம் புக்கிட் கெப்போங் என்றொரு சிற்றூர். 1950 பிப்ரவரி 23-இல், விடியுமுன்னே, பொதுவுடைமைப் படையினர் அங்கிருந்த மரப்பலகைப் போலீஸ் நிலையத்தைச் சூழ்ந்து சுட்டுத் தீ வைத்தார்கள். போலீஸ்காரர்களோடு அவர்களுடைய மனைவி மக்களிலும் சிலர் மாண்டார்கள். பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போங்கள். தலைவர்களின் பளிங்கு மண்டபங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் கதையில் பாதிதான் தெரியும்.

நம் தாத்தா பாட்டிமார் அந்த இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். காட்டிலிருந்து வந்தவர்கள் பால் மரங்களை வெட்டிச் சிதைத்தார்கள். அரசாங்கமோ லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, பால் வெட்டப் போகிறவர்களைச் சோறு கொண்டுபோக விடவில்லை. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிய கை, நம் வீட்டுக் கை.

கடைசியாக ஓரிடம். கோலாலம்பூரில் ஹங் துவா நிலையத்தில் இறங்கினால், பெரிய அங்காடி வளாகம் ஒன்று தெரியும். அதன் ஓரத்தில் தனியே நிற்கிறது ஒரு பழைய கல் வாசல். புடு சிறையில் மிஞ்சியது அதுதான். மற்றதெல்லாம் 2012-க்குள் இடிக்கப்பட்டுவிட்டது.

1949 மே 4-இல் அந்தச் சிறையில் தூக்கிலிடப்பட்டவர் எஸ்.ஏ.கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்தவர், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர், பொதுவுடைமைவாதி. 1948-இல் அவசரகாலம் வந்தது. சம்மேளனம் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு, துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்கு. அந்தச் சட்டத்துக்கு அன்று மரண தண்டனை. இந்திய அரசு உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லாமல் போயிற்று.

அவர் போன பாதை சரியா, தவறா என்று நீங்களே வாதாடிக்கொள்ளுங்கள். ஆனால் தோட்டத்துக் கூலிக்காரனும் சங்கம் வைத்துச் சம்பளம் கேட்கலாம் என்று சொன்னவர்களில் ஒருவர் அவர். அந்த வாசலில் வரிசை இல்லை, காவலர் இல்லை, கண்ணாடிப் பேழையும் இல்லை. பைகளோடு கடைக்குப் போகிறவர்கள் கடந்து போகிறார்கள்.

அடுத்த முறை கோலாலம்பூருக்குப் போகும்போது, பிள்ளைகளோடு அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். “இது என்ன இடம்?” என்று கேட்பார்கள். சொல்லுங்கள். வீட்டில் அந்தக் காலத்தைக் கண்ட பாட்டி இன்னும் இருந்தால், திரும்பியதும் முள்வேலிக் கதையையும் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, கடவுச்சீட்டும் வேண்டாம்.