உஷ்ணம் விளையும் சுரங்கம்

ஒரு யந்திரத்தை அது செய்யும் வேலையைக் கொண்டு மதிப்பிடுவதே உலக வழக்கமாயினும், செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாமல், ஓர் அங்கமும் அசையாமல், ஓசை சிறிதும் எழுப்பாமல், தொட்டவர் விரலைச் சுடுவது ஒன்றையே தன் உழைப்புக்குச் சாட்சியாக வைத்திருக்கும் யந்திரத்தை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்ற கேள்வி சில காலமாக என்னைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. என் மேஜையின்மேல் யூஎஸ்பி ஹப் ஒன்றில் வரிசையாகச் செருகப்பட்டு நிற்கும் 'பிளாக் எரப்டர்' என்னும் கருவிகளே இதற்குக் காரணம். பென் டிரைவை விடச் சற்றே தடித்த இவை, 2013-ஆம் ஆண்டில் ஆசிக்மைனர் என்ற சீன நிறுவனம் பிட்காயின் மைனிங்கிற்கென்றே செய்து விற்றவை. என் தங்கை மகன் கல்லூரிப் பருவத்து உற்சாகத்தில் வாங்கி, பிறகு வெளிநாட்டு உத்தியோகத்துக்குப் போகும்போது, தன் பழைய பாடப் புத்தகங்களோடும் ஒரு கிரிக்கெட் மட்டையோடும் எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனவை. தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது பத்துக் கருவிகள் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து வெளிவந்தன.

இவை செய்யும் வேலை ஒரு கணக்கு. பலருடைய கொடுக்கல் வாங்கல்களைத் தொகுத்து வைத்த ஒரு பிளாக்கின் தலைப்பில் ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து, எஸ்எச்ஏ-256 என்னும் சூத்திரத்தில் இருமுறை இட்டுப் பிழிந்து, வரும் விடை குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே விழுகிறதா என்று பார்ப்பதும், விழவில்லையாயின் எண்ணை மாற்றி மறுபடியும் பிழிவதுமே அதன் முழு ஸ்வரூபம். புத்திக்கு இதில் வேலையில்லை. தோற்ற முயற்சியிலிருந்து அடுத்த முயற்சி கற்றுக்கொள்வதற்கும் ஒன்றுமில்லை. அந்த எண்ணுக்கென்று ஒதுக்கிய இடத்தில் சுமார் 429 கோடி எண்கள் அடங்கும். என் மேஜையில் நிற்கும் ஒரு கருவி, நொடிக்கு ஏறத்தாழ 33 கோடி வீதம், அத்தனையையும் பதின்மூன்று நொடிக்குள் பரிசீலித்துத் தள்ளிவிட்டு, 'இதில் இல்லை, வேறு கொடு' என்று கேட்கிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையை இவ்வளவு சிறிய உடம்புக்குள் அடக்கியிருக்கும் சாமர்த்தியத்தை நினைத்து வியப்பதற்குள் அடுத்த 429 கோடியும் தீர்ந்துபோகிறது.

ஒன்று குடிக்கும் மின்சாரம் இரண்டரை வாட். ஓர் இரவு விளக்கு குடிப்பதைவிட இது அதிகமில்லை. ஆயினும் அந்த இரண்டரை வாட்டும் எங்கே போகிறது என்று பார்த்தால், விசிறியில் காற்றாகவோ மிக்ஸியில் அரைப்பாகவோ சிறிது நேரமாவது வேஷம் போடுகிற மின்சாரம், இங்கே எந்த வேஷமும் போடாமல் நேராக உஷ்ணமாகிவிடுவது புலப்படும். கணக்கின் விடையாக வெளியே போவது சில எழுத்துகள்; எஞ்சியதெல்லாம் சூடு. இந்தத் தத்துவத்தை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் இங்கிலாந்தில் சால்ஃபோர்டு நகரத்து பீர் ஆலை முதலாளியின் மகனான ஜேம்ஸ் ஜூல் என்பவர். ஆலையின் நீராவி யந்திரத்தை எடுத்துவிட்டு மின்சார யந்திரத்தை வைத்தால் லாபமா என்று பார்க்கப் புகுந்த அந்த இளைஞர், கம்பியில் மின்சாரம் ஓடும்போது பிறக்கும் உஷ்ணம் அம்மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது என்று 1841-இல் எழுதினார். பாட்டரியில் கரையும் துத்தநாகத்தின் விலையையும் நிலக்கரியின் விலையையும் ஒப்பிட்டு, நிலக்கரியே மலிவு என்ற முடிவுக்கும் வந்தார். லாபத்தைத் தேடிப்போய் லாபம் கிட்டாமல் உஷ்ணத்தின் இலக்கணத்தைக் கொண்டுவந்தவர் அவர் என்பதால், என் மேஜையின் கருவிகளுக்கு அவரைக் குலதெய்வமாகவே கொள்ளலாம்.

இவற்றை ஓட்டுவது எளிது; ஆற்றுவதுதான் வித்தை. ஒவ்வொன்றும் அரை ஆம்பியர் கேட்கும். பத்துக்கும் சேர்த்து ஐந்து ஆம்பியர். பத்துத் துளை என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் ஹப்பின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் இரண்டு ஆம்பியர் என்று இருக்கும். ஆகவே நான்கு கருவிகள் ஓடும், ஐந்தாவதைச் செருகியதும் எல்லாம் ஒருங்கே மயங்கும். நல்ல ஹப் கிடைத்தபின்னும் அடுத்தடுத்த துளைகளில் செருகுவது கூடாது. ஒன்றின் சூடு மற்றொன்றின் முதுகில் ஏறுமாதலால், நடுவே ஒரு துளை விட்டுச் செருகி, மிஞ்சியவற்றுக்கு இன்னொரு ஹப் தேடவேண்டும். முதுகில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டின் வரிப்பள்ளங்கள் எத்திசையில் ஓடுகின்றனவோ அத்திசையிலேயே காற்று புகுந்து வெளியேறும்படி சிறு யூஎஸ்பி விசிறியை வைத்தல் வேண்டும்; குறுக்கே வைத்தால் காற்று மோதித் திரும்பி, வைத்தவர் முகத்தில் வீசும். ராஸ்பெரி பை என்னும் சிற்றட்டைக் கணினியில் பிஎஃப்ஜிமைனர் என்னும் மைனிங் மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், கருவி சூடேறித் தடுமாறும்போது திரையில் 'எச்டபிள்யூ' என்ற எழுத்துக்கு எதிரே உள்ள பிழைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கும். விசிறியை இரண்டு விரற்கடை நகர்த்தினால் ஏறுவது நிற்கும். இந்த இரண்டு விரற்கடை சூட்சுமத்தில் ஒரு மாலைப் பொழுதையே கழித்துவிடலாம் என்பதை, அனுபவமில்லாதவர்கள் நம்பமாட்டார்கள்.

என் மனைவி நம்பவுமில்லை, மெச்சவுமில்லை. "காசு கொடுத்துச் சூடு பண்றீங்க, அப்புறம் காசு கொடுத்து ஆத்துறீங்க, நடுவுல என்ன வந்துச்சு?" என்று அவள் கேட்ட கேள்விக்கு ஜூலாலும் விடை சொல்ல முடியாது. குளிர்தேசத்தில் இருப்போர்க்கு இக்கேள்வியே எழுவதில்லை. அங்கே அறையைச் சூடாக்க எப்படியும் மின்சாரம் செலவாக வேண்டியிருப்பதால், ஹீட்டர் தரும் சூட்டை மைனிங் யந்திரம் தந்துவிட்டுப் போகட்டும் என்று குளிர்காலத்தில் அதை வீட்டுக்குள் ஓட்டுவோர் உண்டு. நம்முடைய கத்திரி வெயிலில் நிலைமை தலைகீழ். விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை; சூடான பொருளை அறையின் சூட்டுக்குக் கொண்டுவர முயல்கிறது, அவ்வளவே. அறையே முப்பத்தாறு டிகிரியில் நிற்கும்போது அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

இந்த இடத்தில்தான் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வருகிறது. குடியாத்தத்துக்கு அருகே வானம் பார்த்த பூமியில் பயிர் செய்து அலுத்த எங்கள் குடும்பத்திலிருந்து, வட ஆற்காட்டு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சென்ற வழியே அவரும் கோலார் தங்கவயலுக்குப் போய், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலைக்கு அமர்ந்தார். பள்ளி விடுமுறையில் எங்களை அங்கே அழைத்துப் போவார்கள். பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போகும் கிளை ரயிலில் ஏறினால், சிறிது நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே வெளிறிய மேடுகள் தோன்றும். பாறையை அரைத்துச் சயனைடால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு அவை என்று அறியாத எங்களுக்கு, தங்கவயலின் தங்கம் அதுதான் என்ற எண்ணம். கோலார் பீடபூமியின் காற்று குடியாத்தத்துக்காரர்களுக்கு மலைவாசஸ்தலம் போலவே இருந்தாலும், மே மாதத்துப் பகல் பகல்தான். அந்தப் பகலில், ஷிப்டு முடிந்து கேஜில் மேலே வந்த பெரியப்பா, கழுத்துவரை கம்பளி போர்த்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "இந்த வெயில்ல எதுக்குப் பெரியப்பா கம்பளி?" என்று நான் கேட்டபோது அவர் சொன்ன விடையை இன்றுவரை மறக்கவில்லை: "கீழேயிருந்து வர்றவனுக்கு இதுதாண்டா மார்கழி."

பூமிக்குள் இறங்க இறங்கப் பாறை சுடும். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம்; உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் விசிறி மட்டும் வைத்துப் பயனில்லை என்று கண்டு, மேலே யந்திரங்களைக் கொண்டு காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினார்கள்; அப்படி அனுப்பியும், வேலை செய்யுமிடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றாலும் வியர்வை முழங்கால்வரை ஒழுகும் என்பார் பெரியப்பா. பொன்னைப் பற்றிக் கேட்டால் அவர் சிரிப்பார். "அத்தனை வருஷமும் வெள்ளைக் கல்லத்தான் பாத்தேன். தங்கத்தை உங்க பெரியம்மா கழுத்துலதான் பாத்தேன், அதுவும் அடகுக் கடைக்குப் போற வரைக்கும்." அங்கே பொன், கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாக விரவிக் கிடப்பது, தோண்டுகிறவன் கையில் மின்னுவதில்லை. கையில் தங்குவது உஷ்ணமும் களைப்பும், மாதக் கடைசியில் வரும் சம்பளமுமே.

அந்தச் சுரங்கங்களுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தம் நம் தேசத்துச் சரித்திரத்தில் ஒரு விசேஷமான அத்தியாயம். காவிரி விழுகின்ற சிவசமுத்திரத்தில், மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் தொடங்கி வைத்த மின்நிலையம் 1902-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியபோது, அதன் மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் பிரயாணம் செய்து முதலில் போய்ச் சேர்ந்த இடம் அரண்மனையுமன்று, பெங்களூருமன்று. கோலார் தங்கச் சுரங்கமே. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல். மீண்டும் ஜூலின் பெயரை இழுப்பதற்காக வாசகர்கள் மன்னிக்கவேண்டும்: விழுகிற நீர் அடியில் மோதும்போது அதன் வேகம் உஷ்ணமாக மாறுகிறதென்றும், ஆகவே அருவியின் உச்சியை விட அடியில் நீர் இம்மியளவு வெதுவெதுப்பாக இருக்குமென்றும் சொன்னவர் அவரே. சுமார் நானூறு மீட்டர் விழுந்தால்தான் ஒரு டிகிரி கூடுமென்றாலும் கணக்கு கணக்குதான். சிவசமுத்திரத்தில் அப்படி உஷ்ணமாகிக் காவிரியோடு கரைந்துபோக இருந்த வேகத்தை மின்சாரமாக்கி, கம்பிவழி அனுப்பி, கோலாரில் கல்லை இடிக்கவும் அரைக்கவும் விட்டு, இடித்த கல்லிலும் அரைத்த யந்திரத்திலும் மறுபடி உஷ்ணமாகவே அதைத் தீர்த்துவிட்டு, நடுவே ஒரு பொடி பொன்னை எடுத்துக்கொண்டார்கள். காலம் செல்லச் செல்லக் கல்லில் பொன் குறைந்து, எடுக்கும் செலவு எடுத்த பொன்னின் விலையைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

பிட்காயினைப் படைத்த சதோஷி நகமோட்டோ என்னும் முகமறியாத ஆசாமி, இந்த விதியை மண்ணிடம் விடாமல் தாமே சட்டமாக எழுதி வைத்தார். 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை கணக்கின் கடினம் தானாகவே திருத்தப்படும். தோண்டுவோர் பெருகப் பெருகப் பாறை இறுகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக் என்ற தாளம் மட்டும் மாறாது. என் தங்கை மகன் கருவிகளை வாங்கிய அந்த 2013-இன் மே மாதத்திலிருந்து டிசம்பருக்குள் அந்தக் கடினம் ஏறத்தாழ நூறு மடங்காயிற்று. அப்போது கருவி ஒன்றின் விலை, வெளிவந்த புதிதில், சுமார் இரண்டு பிட்காயின். இரண்டு பிட்காயினைக் கொடுத்து வாங்கிய கருவி, தன் ஆயுள் முழுதும் ஓடியும் அந்த இரண்டைத் திருப்பிச் சம்பாதித்துக் கொடுத்திருக்க வழியில்லை. கொடுத்த இரண்டையும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தவன்தான் செல்வந்தனாயிருப்பான். போனில் இதை நான் சொன்னபோது, "அதனாலதான் மாமா சொல்றேன், தூக்கிப் போட்டுடுங்க" என்று அவன் சுருக்கமாக முடித்துக்கொண்டான்.

தூக்கிப் போடுவதற்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்று உலகமுழுவதும் இந்த வேலையில் இறங்கியிருக்கும் யந்திரங்களின் வேகத்தை நொடிக்கு 800 எக்ஸாஹேஷ் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஹேஷ் என்பது மேலே சொன்ன ஒரு முயற்சி; எக்ஸா என்பது ஒன்றுக்குப்பின் பதினெட்டு பூஜ்யம். அதற்கு எதிரே என் பத்துக் கருவிகளும் சேர்ந்து ஓடினால், சராசரியாக ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்க ஆகும் காலம் ஏறத்தாழ 46 லட்சம் ஆண்டு. கிருத, திரேதா, துவாபர, கலி என்னும் நான்கும் சேர்ந்த ஒரு சதுர்யுகத்துக்கு நம் பெரியோர் கூறிய அளவு 43,20,000 ஆண்டு. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதைக் கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை எந்த நாணயத்தாலும் அளவிட முடியாது. நாளைக்கே கிடைத்துவிடவும் கூடுமே என்று அதிர்ஷ்டத்தை நம்புவோர் சொல்லலாம், கூடும்தான். கிடைத்தால் பரிசு, 2024 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, 3.125 பிட்காயின். கிடைக்கும்வரை ஹப், விசிறி, சிற்றட்டைக் கணினி எல்லாம் சேர்த்து சுமார் முப்பத்தைந்து வாட் வீதம், இரண்டு மாதத்துக்கு ஐம்பது யூனிட் ஆகும். அரசாங்கம் நமக்கு இலவசமாகத் தரும் நூறு யூனிட்டில் சரிபாதி.

ஆகவே வாசகர்களுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பணம் வேண்டி இதில் இறங்குவோர் இறங்காதிருப்பதே லாபம். மின்சாரம் எப்படி உஷ்ணமாகிறது, உஷ்ணத்தை எப்படி வழியனுப்புவது என்று கையால் தொட்டுப் படிக்க விரும்புவோருக்கு, இவ்வளவு மலிவான பாடசாலை வேறில்லை. ஓட்டுவதானால் மார்கழியிலும் தையிலும் ஓட்டுங்கள். சித்திரை பிறந்ததும் கழற்றி டப்பாவில் போடுங்கள். ஹப்புக்கு வேண்டிய ஆம்பியரை அட்டையில் பார்க்காமல் அடாப்டரில் பாருங்கள். விசிறி நின்றால் கருவியையும் நிறுத்துங்கள். வீட்டில் எல்லாரும் வெளியூர் போகும்போது ஒருபோதும் இதை ஓடவிட்டுப் போகாதீர்கள்.